கோழி இறகும் கொடுவா மீனும்



உயிர்ப்புப் பெருவிழாவின் ஆரவாரம் ஓய்ந்து, விசைப்படகுகள் யாவும் மீன்பிடித் தடைக்காலத்திற்காகக் கட்டப்பட்டுக் கிடந்த ஒரு மாலைப் பொழுதில், நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அவர் வந்த காரியம் சுருக்கமானது. “சாமி, எம் மவன் கரையிலயே நிக்கிறான். தடை முடிஞ்சதும் படகுக்குப் போவச் சொல்லி நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும். சாமி சொன்னா கேப்பான்.”

கரையில் நிற்பது அத்துணை பெரிய குற்றமா என்று உள்நாட்டு வாசகர்கள் வியக்கக்கூடும். ஆகவே சற்று விளக்க வேண்டியதாகிறது. அம்மகனுக்கு வயது முப்பத்தாறு. பன்னிரண்டு ஆண்டுகள் விசைப்படகில் வேலை செய்தவர். சென்ற ஆண்டு எல்லை தாண்டியதாக அவரும் உடன் சென்றோரும் பிடிபட்டு, அக்கரையில் ஏழு வாரம் சிறையிலிருந்து திரும்பினர். ஆட்கள் வந்தனர், படகு வரவில்லை. வந்தவர் இனி அப்படகுத் தொழிலுக்குப் போவதில்லை என்று உறுதியாய்க் கூறிவிட்டு, பரண்மேல் கிடந்த பாட்டனாரின் வீச்சுவலையை இறக்கி, அறுந்த கண்களைப் பின்னி, ஈயக்குண்டுகளைப் புதிதாய்க் கோத்து, ஓடை வாயில் இடுப்பளவு நீரில் நின்று வீசத் தொடங்கினார். வலை ஒரு தோளில், தங்கூஸ் நரம்பில் கட்டிய தூண்டில் ஒரு கையில். அவ்வளவுதான் அவருடைய மூலதனம்.

நம் கரையோரத்தில் இது கிழவர்களுக்கும் பள்ளி விடுமுறைச் சிறுவர்களுக்கும் உரிய வேலை. வாலிபன் இதைச் செய்தால் ஊர் சிரிக்கும். “வீச்சுவலைக்காரனுக்கா நான் பொண்ணு குடுத்தேன்?” என்று மாமனார் சொல்லியனுப்பியிருந்தார். அதனினும் கனத்த சங்கதி வேறொன்று இருந்தது. படகு உரிமையாளரிடம் முன்பணமாக வாங்கிய அறுபதாயிரம் ரூபாய் அப்படியே நிற்கிறது. படகுக்குப் போனால் கழியும்; போகாவிடில் கொடுத்தாக வேண்டும்.

நாம் பிறந்தது கண்மாய்க் கரையில். நெல்லையும் நிலக்கடலையையும் அறிந்த அளவு கடலை அறியோம். ஆகவே மூதாட்டியின் பேச்சு நமக்கு நியாயமாகவே பட்டது. பிள்ளைகள் இருவர் பள்ளியில் படிக்க, குடும்பத் தலைவன் அச்சத்தால் ஒதுங்கி நிற்பது சரியன்று, இரண்டு நல்ல வார்த்தை சொல்லித் திருப்பிவிடலாம் என்று எண்ணியே மறுநாள் வைகறையில், திருப்பலிக்கு முன்னரே, ஓடை வாய்க்குச் சென்றோம்.

புதுக்கோட்டை மாவட்டத்திற்குக் கடற்கரை உண்டென்பதே நம்மவர் பலருக்கு மறந்துபோகிறது. வடக்கே கட்டுமாவடியில் தொடங்கி, குலச்சிறை நாயனார் பிறந்த ஊரென்று சைவ அன்பர்கள் போற்றும் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று தெற்கே நீளும் இக்கரை சுமார் 40 கிலோமீட்டர்தான். எதிரே இருப்பது பாக் நீரிணைப்பை ஒட்டிய ஆழங்குறைந்த விரிகுடா. வங்கக் கடலின் பேரலைகளை இலங்கைத் தீவு மறித்துக்கொள்வதால் இங்குப் பெரும்பாலும் அலை ஓசையே கேட்பதில்லை. ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. வெகுதூரம் நடந்தாலும் நீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. அடியில் சேறும் கடற்புல்லும். அப்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவை நம் மீனவர் ஆவுளியா என்பர். அதனைக் காப்பதற்காக 2022ஆம் ஆண்டு தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேயும் இப்புல்வெளிதான் ஓராவுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டில்.

இத்தகைய கடலில், கரையில் நிற்பவனுக்கும் மீன் உண்டு. அதை அன்று கண்ணால் கண்டோம்.

அவர் நம்மைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்துப் பேசாதிருக்கும்படி சைகை செய்தார். உபதேசம் செய்யச் சென்ற நாம் வாய்மூடி நிற்க வேண்டியதாயிற்று! நீர் கண்ணாடி போல் அசையாதிருந்தது. சிறிது தொலைவில் ஊசிமுனை பட்டாற்போல் ஒரு நடுக்கம். மடவைக் கூட்டம் அப்படித்தான் தெரியுமாம். வலையின் ஒரு விளிம்பைப் பல்லிற் கவ்வி, பாதியைத் தோளிலும் மீதியைக் கையிலும் ஏந்தி, உடலை ஒருமுறை திருப்பி எறிந்தார். அது காற்றில் முழு வட்டமாய் விரிந்து, ஈயக்குண்டுகள் ஒரே ஓசையாய் நீரில் விழுந்தன. மெல்ல இழுத்தபோது ஏழு மடவைகளும் ஒரு கிழங்கானும் உள்ளே துள்ளின. நடுக்கத்தைக் கண்டது முதல் வலை விழும்வரை இருபது வினாடிகூட ஆகியிராது. அதற்கு முன் முக்கால் மணி நேரம் அவர் அசையாமல் நின்றிருந்தார்.

மடவை பாசியையும் சேற்றிலுள்ள நுண்பொருளையும் உண்பது, தூண்டிலை மதிக்காது. ஆகவே அதற்கு வலை. கொடுவா, பாறை, சீலா போன்றவை பிற மீனைத் துரத்தி உண்பவை, அவற்றிற்குத் தூண்டில். இவ்வளவும் அவர் கரையேறிய பின் நமக்குச் சொன்ன பாடம்.

குருமடத்தில் கிரேக்கம் படித்த நாட்களில் நாம் மனப்பாடம் செய்து பின் மறந்துவிட்ட ஒன்று அப்பொழுது நினைவிற்கு வந்தது. தமிழில் வலை என்று ஒரே சொல்லால் நாம் வாசிப்பது நற்செய்தி மூலத்தில் ஒன்றல்ல. பேதுருவும் அந்திரேயாவும் அழைக்கப்பட்ட வேளையில் வீசிக்கொண்டிருந்தது ‘ஆம்பிபிளேஸ்திரோன்’. அதாவது வட்டமாய் விழும் வீச்சுவலை. மத்தேயு 13ஆம் அதிகாரத்து உவமையில் நல்லதும் கெட்டதுமாய் வாரிக் கரைக்கு இழுக்கப்படுவது ‘சகேனே’. அது நம் கரைவலை. தூண்டிலோ நான்கு நற்செய்திகளிலும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. கோவில் வரி செலுத்தப் பணமில்லாத நேரத்தில், கடலுக்குச் சென்று தூண்டில் போடும்படி பேதுரு அனுப்பப்படுகிறார். முதல் மீனின் வாயில் நாணயம். கடனுக்கும் தூண்டிலுக்கும் உள்ள உறவு அத்துணைப் பழையது போலும்!

நம் நண்பரிடம் வீச்சுவலையைப் பற்றிய இச்செய்தியைச் சொன்னோம். “அப்ப ராயப்பரும் கரையிலதான் நின்னாரா சாமி?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். சிறையிலிருந்து வந்தபின் அவர் சிரித்து நாம் கண்டது அதுவே முதன்முறை. படகுக்குப் போகும்படி சொல்ல வந்த வார்த்தையை அன்று சொல்லாமலே திரும்பினோம்.

இந்நிலையில் அவருடைய மைத்துனர் விடுமுறைக்கு ஊர் வந்து சேர்ந்தார். ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரில் வேலை பார்ப்பவர். துப்பாக்கி உறை போன்ற ஒரு குழலிலிருந்து ஒன்பது அடிக் கோல் ஒன்றை எடுத்துப் பூட்டி, அதில் தடித்த வண்ணக் கயிறொன்றைக் கோத்து, நுனியில் முள் ஒன்றைக் கட்டினார். அம்முள்ளில் இறாலுமில்லை, மத்தியுமில்லை. வெள்ளைக் கோழி இறகு நாலைந்தும் பளபளக்கும் இழை இரண்டுமே இருந்தன. கரையில் கூடிய சிறுவர்களின் நகைப்பிற்குக் கேட்க வேண்டுமா?

ஆனால் அதன் சூட்சுமம் எளிதன்று. நம் தூண்டிலில் ஈயத்தின் கனம் நரம்பை இழுத்துச் செல்கிறது. இதிலோ இறகு கட்டிய முள்ளுக்குக் கனமே இல்லை, கனமெல்லாம் கயிற்றில். கோலை முன்னும் பின்னும் அசைக்க, கயிறு தலைக்குமேல் வளையம் வளையமாய் நீண்டு, இறுதியில் இறகைக் கொண்டுபோய் நீர்மேல் ஓசையின்றி வைக்கிறது. பின்பு கயிற்றைச் சிறுகச் சிறுக இழுத்தால், நீரில் நனைந்த இறகு சின்ன மீன் நீந்துவது போல் அசைகிறது. ஓடும் மீனைத் தின்னும் மீன் அதில் ஏமாறுகிறது.

பிற்பாடு நாம் இதுபற்றித் தேடிப் படித்தோம். இது வெள்ளையர் கண்ட புதுமையன்று. கி.பி. 200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமை எழுத்தாளர், பெரேயாவுக்கும் தெசலோனிக்காவுக்கும் இடையே ஓடிய ஆற்றில் மக்கள் முள்ளின்மேல் செந்நிறக் கம்பளி சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழுள்ள இறகுகள் இரண்டைக் கட்டி மீன் பிடித்ததைக் குறித்துள்ளார். பவுலடியார் நடந்த ஊர்களல்லவா அவை! 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலொன்று பன்னிரண்டு வகை இறகு முட்களை விவரிக்கிறது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னியர் மடத் தலைவி என்பது மரபு. அறிஞர்கள் ஐயுறுகின்றனர், நமக்கோ நம்ப ஆசை. நம் சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த எச். எஸ். தாமஸ் என்பவர் இந்நாட்டுத் தூண்டிற்கலை குறித்து எழுதிய ஆங்கில நூல் 1873இல் மங்களூரில் வெளிவந்தது. ஆற்றில் நெடுங்காலம் பழகிய இக்கலை, கடற்கரைக்குப் பெருவழக்காய் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1950களின் இறுதியில் லெஃப்டி கிரே என்னும் அமெரிக்கர் கடல்மீனுக்கென்றே வகுத்த இறகு முள் ஒன்றை, 1991இல் அந்நாட்டு அஞ்சல்துறை தபால்தலையிலேயே பொறித்தது.

நம் கரையில் அக்கோல் முதல் இரண்டு நாளும் ஒன்றையும் பிடிக்கவில்லை. சோழகக் காற்று கிளம்பிவிட்டால் கயிறு கண்டபடி திரும்பி வீசுபவர் காதிலேயே மாட்டியது. மூன்றாம் நாள் விடியற்காலையில் முழங்கை நீளச் சீலா ஒன்று. அடுத்து, அலையாத்திச் செடிகளின் நிழலிலிருந்து பாய்ந்த ஒரு கொடுவா. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாயிருக்கும். வெள்ளியை உருக்கி வார்த்தாற்போன்ற அழகு. மைத்துனர் அதை நனைந்த கையால் ஏந்தி, முள்ளைக் கழற்றி, தாடையிலிருந்து வால் வரை சாணால் அளந்து பார்த்துவிட்டு, நீரில் விட்டுவிட்டார்!

கரையில் எழுந்த கூக்குரலை இங்கு எழுத இயலாது. நூற்றுக்கணக்கான ரூபாய் பெறும் மீன். மூதாட்டி தலையில் அடித்துக்கொண்டார். “ஆண்டவர் குடுத்ததைத் தண்ணியில விட்டா அடுத்தவாட்டி குடுப்பாரா?” என்று கேட்டார். நமக்கும் சினமே எழுந்தது. பசியுள்ள வீட்டின் முன்னே மீனைப் பிடித்து விடுவது, வயிறு நிறைந்தவர் ஆடும் ஆட்டமாகவே தோன்றியது. உண்ண வேண்டாத மீனை முள்ளில் மாட்டிப் போராட வைத்துக் களிப்பதில் நமக்கு இன்றுவரை மனம் ஒப்பவில்லை. இதை விளையாட்டென்று அழைக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க.

மைத்துனர் கூறிய சமாதானம் வேறு. நம் கொடுவாவும் அவர்கள் நாட்டு பாரமுண்டியும் ஒரே மீன். அது மூன்று, நான்கு ஆண்டுகளில் ஆணாக முதிர்கிறது. பின்னர் ஆறேழு வயதில், மீட்டரை நெருங்கும் நீளத்தில், பெண்ணாக மாறுகிறது. மாறிய பின்னரே முட்டை. சிறியதைப் பிடித்துத் தீர்த்தால் தாயாகப் போகும் மீன் ஏது? ஆகவே டார்வின் பகுதியில் 55 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளலாகாது என்பது சட்டம். குவீன்ஸ்லாந்தில் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட தாய் மீன்களையும் விட்டுவிட வேண்டும். நம் நாட்டிலும் இம்மீனின் பிறப்பு வகையை அறிந்தோர் இல்லாமலில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தார் 1997இலேயே கொடுவாவைத் தம் பொறுப்பில் குஞ்சு பொரிக்கச் செய்துள்ளனர்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த நம் நண்பர் சொன்ன மறுமொழியே நம் நெஞ்சில் தைத்தது. “மச்சான், நீ ஒண்ணை விட்டே. நான் படகுல இருந்த பன்னெண்டு வருசத்துல குஞ்சும் பொடியுமா எத்தனை கூடை வாரிக் கருவாட்டுக்கும் கோழித் தீவனத்துக்கும் அள்ளிக் குடுத்தோம், தெரியுமா? அத யாரு விடுறது?”

இழுவை மடியின் கதை நீண்டது. 1960களுக்குப் பின் அரசே ஊக்குவித்து, கடன் கொடுத்து, இறாலுக்கு வெளிநாட்டில் விலையும் கிடைக்க, இழுவைப் படகு நம் கரைகளில் பெருகியது. அதன் மடி கடலடியைச் சுரண்டியபடி செல்வதால் புல்லும் குஞ்சும் சேர்ந்தே வருகின்றன. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யலாகாது என்றது. இக்கடலிலோ மூன்று மைலுக்கு அப்பால் சற்றுத் தூரத்திலேயே 1974இல் வகுத்த எல்லைக்கோடு வந்துவிடுகிறது. நடுவில் எஞ்சுவது குறுகிய வாய்க்கால் போன்ற கடல். அதற்குள் இத்தனை படகுகள். அக்கரையிலும் நம் மொழி பேசும், நம் அந்தோனியாரை வணங்கும் ஏழை வலைஞர்களே இருக்கின்றனர். அவர்களுடைய வலைகள் நம்மவர் மடியில் அறுபட்டதும் உண்மையே. இலங்கை 2017இல் இழுவை முறையைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் நம் அரசு, பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளை விட்டுவிட்டு ஆழ்கடலில் தூண்டிலும் செவுள்வலையும் கொண்டு சூரை பிடிக்கச் செல்லும் படகுகளுக்கு மாறுமாறு மானியத் திட்டம் வகுத்தது. மூன்று ஆண்டில் 2000 படகு என்பது இலக்கு. மாறியவை அதில் மிகச் சில. கைப்பணமும் கடனும் போட்டு, பழகாத ஆழத்திற்குப் போக அஞ்சுவோரைக் குறைகூற நாம் யார்?

ஆக, அரசாங்கமே “தூண்டிலுக்குத் திரும்புங்கள்” என்று சொல்லும் காலத்தில், அறிவிப்பைப் படிக்காமலே திரும்பிவிட்ட ஒருவரைத்தான் நாம் மீண்டும் மடிக்கு அனுப்பப் புறப்பட்டிருந்தோம்.

எனினும் அறுபதாயிரம் ரூபாயை அறிவுரையால் அடைக்க முடியாதே. படகு உரிமையாளர் வீட்டிற்கு ஒரு நாள் மாலை சென்றோம். கடுமொழிகளை எதிர்பார்த்தே சென்றோம். ஆனால் அங்கே கண்டது வேறு. பிடிபட்ட படகு அவருடைய ஒரே படகு. மனைவியின் நகையும் வங்கிக் கடனும் அதில் கிடந்தன. இப்பொழுது பிறர் படகில் பங்குக்குச் சேர்ந்திருக்கிறார். “சாமி, அவன் மேல எனக்குக் கோவமில்ல. ஜெயில்ல அவன் பட்டது எனக்காகப் பட்டது. ஆனா எனக்கும் வட்டி ஓடுது” என்றார். நெடுநேரம் பேசினோம். முடிவில் மாதம் ஆயிரத்து ஐந்நூறு வீதம், வட்டியின்றி நாற்பது மாதத்தில் தீர்ப்பதென்று இருவரும் இசைந்தனர். இது பெருந்தன்மை. இதனினும் பணக்காரர் பலரிடம் நாம் காணாத பெருந்தன்மை.

மாதம் ஆயிரத்து ஐந்நூறு என்பது கரையில் நிற்பவருக்குச் சிறு தொகையன்று. இருநூறு, முந்நூறு கிடைக்கும் நாளுண்டு. வெறும் வலையைத் தோளில் போட்டுத் திரும்பும் நாளுமுண்டு. வாடைக் காலத்தில் ஓடை சேறாய்ப் பொங்கினால் வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. மூதாட்டியின் அச்சம் அறியாமையன்று என்பதை இங்கே எழுதி வைக்கிறோம். அவருடைய மருமகள் இப்பொழுது காலையில் மீனைத் தானே கட்டுமாவடிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறார்; இடையில் வியாபாரிக்குப் போகும் பங்கு வீட்டிற்கு வருகிறது. மாமனார் இன்னும் படியேறவில்லை.

மைத்துனர் விடுமுறை முடிந்து சென்றபோது கோலைத் தம்மோடு எடுத்துச் சென்றுவிட்டார். அதன் விலை ஒரு நல்ல வள்ளத்து வலையின் விலை. இறகு முட்கள் நான்கை மட்டும் விட்டுச் சென்றார். நம் நண்பர் அவற்றுள் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, கட்டும் முறையைக் கற்றுக்கொண்டு, தம் சாதாரண நரம்பிலேயே ஒரு முழம் முன்னே சிறிய ஈயத்தைச் சேர்த்து, கையால் சுழற்றி எறியப் பழகினார். இரை வாங்கும் செலவு இல்லை. இறால் விற்கும் விலையில் அதுவே ஒரு வருவாய். ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்து, படகுகள் விளக்கேற்றி முழக்கத்தோடு புறப்பட்ட மறுநாள் காலை, அவர் ஓடை வாயில் நின்று ஐந்து கிலோவை நெருங்கும் கொடுவா ஒன்றைக் கரையேற்றினார். அந்த வாரத்திலேயே கையகல நீளமுள்ள வேறொன்றை, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாய்க்குத் தெரியாமல் நீரில் விட்டதாகவும் நம்மிடம் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை, ஆகவே எழுதுகிறோம்.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மூதாட்டி மீண்டும் திண்ணைக்கு வந்தார். மகனைப் பற்றித்தான் புகார்.

“சாமி, நீங்களாவது கேளுங்க. அசனத்துக்குன்னு வளத்த சேவல், வெள்ளைச் சேவல். அறுக்கலாம்னா விடமாட்டேங்கிறான். கழுத்துல ஒரு இறகு இல்ல, பாவம், நோஞ்சானாட்டம் திரியுது. ஊரே சிரிக்குது.”

சேவலைப் பார்க்க நாளை போகிறோம்.